பிறவியிலேயே பாவி என்றால், நான் செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. தாத்தா குடித்தார், அப்பா குடித்தார், நீங்களும் குடித்தீர்கள். அம்மா தெருவில் பிடிக்கும் ஏலச்சீட்டுப் பணத்தில் 38,000 ரூபாயை எடுத்துச் செலவழித்துவிட்டீர்கள். சபையில் இதைத் தலைமுறை சாபம் என்று சொல்லி, சாபக்கட்டு முறிய ஜெபித்தார்கள். "எல்லாரும் பிறக்கும்போதே பாவிகள் என்றால் இது எப்படி என் தப்பாகும்? தப்பில்லை என்றால் ஜெபித்த பிறகும் ஏன் தூக்கம் வரவில்லை? பணத்தைக் கொடுத்து முடிக்கும்வரை நற்கருணை (ஆராதனையில் பெறும் அப்பமும் ரசமும்) எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலுக்கு இது ஆதாமைப் பற்றிய கேள்வி. ஆனால் கேள்வியின் கனமெல்லாம் அந்த 38,000 ரூபாயில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். இறையியல் படித்து, 34 வருடம் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம்தான் ஊழியம். உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் பாயில் உட்கார்ந்து டீ குடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தை மறுபடி ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். மனிதன் தப்பு செய்த பிறகு தேவன் கேட்கும் முதல் வார்த்தை "நீ எங்கே இருக்கிறாய்" என்பது. தீர்ப்பு பிறகுதான் வருகிறது, முதலில் வருவது கூப்பிடுதல். ஆதாம் என்ன சொல்கிறான்? "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள் அவ்விருட்சத்தின் கனியை எனக்குக் கொடுத்தாள், நான் புசித்தேன்." ஒரே மூச்சில் மனைவியையும் தேவனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டான். ஏவாளைக் கேட்டால், "சர்ப்பம் என்னை வஞ்சித்தது, நான் புசித்தேன்" என்கிறாள். இரண்டு சாக்கும் வேறு வேறு, ஆனால் இரண்டு வாக்கியமும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது: நான் புசித்தேன். ஏவாள் சொன்னது பொய்யில்லை. பாம்பு ஏமாற்றியது உண்மைதான், தேவன் அதற்குப் பாம்பைத் தனியாகத் தண்டிக்கிறார். அதனால் ஏவாளிடம் கேட்காமல் விடவும் இல்லை. உங்கள் விஷயத்திலும் அப்படித்தான். அப்பா குடித்தது உண்மை. வீட்டில் நிம்மதி இல்லாதது உண்மை. அதெல்லாம் சொல்லி முடித்த பிறகு வாக்கியத்தின் கடைசியில் 'நான் எடுத்தேன்' என்ற இரண்டு வார்த்தை மீதி நிற்கும். தூக்கம் வராததற்குக் காரணம் அந்த இரண்டு வார்த்தைகள்தான் என்று நினைக்கிறேன்.

தலைமுறை சாபத்துக்கு வருவோம். இதில் நான் உறுதியாகப் பேசுவேன், ஏனென்றால் வேதமே உறுதியாகப் பேசுகிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசி கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட கூட்டத்தில் ஒருவர். கேபார் நதி ஓரம் குடியேற்றப்பட்ட அந்த ஜனங்கள் தங்களுக்குள் ஒரு பழமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று. நம் தாத்தன் பண்ணின பாவம் நம் தலையில் விடிந்தது என்று நம் ஊரில் சொல்வது போலத்தான். அதற்கு எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் முழுக்கப் பதில் இருக்கிறது. இந்தப் பழமொழியை இனி நீங்கள் சொல்லக் கூடாது, பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. எரேமியா 31-லும் இதே பழமொழி வந்து, இதே போலத் தள்ளப்படுகிறது. உபாகமம் 24:16 இதை நீதிமன்றச் சட்டமாகவே வைத்திருக்கிறது. எசேக்கியேலில் நான் பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்த வசனம் 14. தகப்பன் செய்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்து, யோசித்து, அதன்படி செய்யாத ஒரு மகனைப் பற்றி அது பேசுகிறது. பார்க்காத மகன் இல்லை, பார்த்த மகன். அந்த வீட்டிலேயே வளர்ந்தவன்.

"யாத்திராகமம் 20:5-இல் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் என்று இருக்கிறதே" என்று நீங்கள் கேட்பீர்கள், உங்களுக்காக ஜெபித்தவரும் அதைத்தான் காட்டியிருப்பார். அந்த வசனம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஆனால் முழுதாகப் படித்தால், 'என்னைப் பகைக்கிறவர்களைக் குறித்து' என்ற வார்த்தையோடு வருகிறது. அடுத்த வசனத்தில் இரக்கம் ஆயிரம் தலைமுறைக்குப் போகிறது. அந்தக் காலத்தில் ஒரே கூரையின் கீழ் மூன்று நான்கு தலைமுறை சேர்ந்து வாழ்ந்தது. வீட்டுத் தலைவன் செய்த தப்பு பேரன் தட்டில் இருந்த சோறுவரை வந்து தொட்டது. பாவத்தின் விளைவு பரம்பரையாக வரும், இது நம் கண்ணெதிரே நடக்கிறது. குடிக்கிற அப்பாவின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் போகிறது, நிம்மதி போகிறது, குடிப்பழக்கத்துக்கு உடம்பே எளிதில் இடம் கொடுப்பதும் ஓரளவு பரம்பரையாக வரலாம் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் விளைவு வேறு, குற்றம் வேறு. அப்பா விட்டுப்போன கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவனை யாரும் கடன் வாங்கியவன் என்று சொல்ல மாட்டார்கள். யோவான் 9-இல் பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இயேசு இரண்டையும் மறுக்கிறார். உங்களுக்காக ஜெபித்தவர்கள் அன்பினால் ஜெபித்திருப்பார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாபத்தை முறிக்கத் தனிக் காணிக்கை, தனி உபவாசக் கூட்டம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு உங்கள் தெருவில் உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது கடினமான பகுதி. பிறக்கும்போதே பாவி என்பதன் பொருள் என்ன? இதில் திருச்சபைகள் எல்லாம் ஒத்துக்கொள்ளும் விஷயமும் உண்டு, 1,600 வருடமாக ஒத்துக்கொள்ளாத விஷயமும் உண்டு. ஒத்துக்கொள்வது இது: மனிதனுக்குள் ஏதோ கோணலாகப் போயிருக்கிறது, அது நாம் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே நம்மிடம் இருக்கிறது, நம் சொந்த முயற்சியால் அதை முழுக்க நிமிர்த்த முடியாது. குழந்தைக்கு யாரும் பொய் சொல்லச் சொல்லிக் கொடுப்பதில்லை. ரோமர் 7-இல் பவுல், விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று புலம்புவதை, குடியை விட முயன்ற எந்த மனிதனும் விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்வான். ஒத்துக்கொள்ளாதது, அந்தக் கோணலோடு ஆதாமின் குற்றமும் சேர்ந்து நம்மேல் வருகிறதா என்பது. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430) வருகிறது என்றார். மனிதன் தன் சக்தியாலேயே பாவமில்லாமல் வாழ முடியும் என்று போதித்த பெலாகியுஸோடு அவருக்கு நீண்ட வழக்கு நடந்தது. 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாகியுஸின் போதனையைத் தள்ளியது. அது சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அகுஸ்தீன் கையில் இருந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் ரோமர் 5:12-இன் கடைசிப் பகுதி, 'அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்' என்று பொருள்படும்படி இருந்தது. கிரேக்க மூலத்தை 'எல்லாரும் பாவஞ்செய்தபடியால்' என்றே பெரும்பாலோர் இன்று வாசிக்கிறார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள், 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்' என்றுதான் இருக்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள், ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் பலவீனமும்தான், குற்றம் வரவில்லை என்கின்றன. கத்தோலிக்கச் சபை 1546-இல் திரெந்து சங்கத்தில் ஜென்மப் பாவத்தை வலுவாக வரையறுத்தது. ஆனாலும் 1992-இல் வெளிவந்த அதன் மறைக்கல்வி நூல், அது ஆதாமின் வழிவந்த யாருக்கும் தனிப்பட்ட குற்றத்தின் தன்மை உடையதல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. சீர்திருத்தச் சபைகளில் ஆதாமின் குற்றமே நம் கணக்கில் எழுதப்படுகிறது என்று போதிக்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களும் வேதத்தை மதிக்கிறவர்கள்தான். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், ஆதாமிடமிருந்து எனக்கு வந்தது நோய், அந்த நோயோடு நான் செய்தது என் குற்றம் என்று சொல்லுவேன். இது என் முடிவு, எல்லாச் சபைகளின் முடிவும் இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்த வழக்கில் எந்தப் பக்கம் நின்றவரும், ஆதாமைக் காட்டி எனக்குப் பொறுப்பில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆதாமின் மகன் காயீனிடம், அவன் தம்பியைக் கொல்வதற்கு முன்பே தேவன், பாவம் வாசற்படியில் படுத்திருக்கும், நீ அவனை ஆண்டுகொள்வாய் என்கிறார். வாசலில் அது படுத்திருப்பதற்குக் காயீனை அவர் திட்டவில்லை. கதவைத் திறந்ததற்குத்தான் கணக்கு.

குடிக்கு அடிமையானவன் எந்த அளவுக்குப் பொறுப்பு? இங்கே என் உறுதி குறைகிறது. பழக்கம், பயம், கட்டாயம், மனநிலை இவையெல்லாம் ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளை இல்லாமலே செய்யலாம் என்று நான் சொன்ன அதே கத்தோலிக்க நூல் ஒத்துக்கொள்கிறது. அது மனிதர்களை அறிந்தவர்கள் எழுதியது. கை நடுங்கி, காலை ஆறு மணிக்குக் கடை எப்போது திறக்கும் என்று நிற்கிறவனைக் கல்யாண வீட்டில் ஆசைக்குக் குடிக்கிறவனோடு நான் ஒன்றாக வைக்க மாட்டேன். 2003-இலிருந்து இந்த மாநிலத்தில் மதுச் சில்லறைக் கடைகளை அரசே நடத்துகிறது. அந்த வருமானத்தில் ஓடும் திட்டங்களில் நாம் எல்லாரும் பயன்பெறுகிறோம். அப்படியானால் உங்கள் அப்பா குடித்ததில் என் பங்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லிவிட முடியாது. சமூகப் பாவத்தைப் பற்றிப் போப் இரண்டாம் ஜான் பால் 1984-இல் எழுதியபோது, அது பலருடைய தனிப்பட்ட பாவங்கள் சேர்ந்து திரண்டது, அமைப்பு தானாகப் பாவம் செய்வதில்லை என்றார். அமைப்பின்மேல் பழியைப் போட்டு எல்லாரும் தப்பித்துக்கொள்ளும் வழியை அவர் அடைத்தார். உங்கள் பங்கில் எவ்வளவு கழியும் என்று எடை போடும் தராசு என்னிடம் இல்லை. அது தேவனிடம் இருக்கிறது, அவர் நம்மைவிட இரக்கமானவர். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி இருக்கிறது. பணம் எடுத்த அன்று காலையில் நீங்கள் குடித்திருக்கவில்லை, அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும்வரை காத்திருந்தீர்கள். அந்த வரியை எழுதாமலே விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். நீங்களே எழுதினீர்கள். உங்களுக்குள் பதில் சொல்லத் தெரிந்த ஒருவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு எனக்கு அதுவே அடையாளம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பகுதிப் பிள்ளைகளுக்கு வேறொரு சாபமும் உண்டு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று முகவரி சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறும். 'நார்த் மெட்ராஸ் பசங்க அப்படித்தான்' என்பார்கள். வேலை கேட்டுப் போன என் சபை வாலிபர்கள் எத்தனையோ பேர் இதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். தலைமுறை சாபம் என்ற பேச்சும் இந்தப் பேச்சும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் உங்களை ஒரு ஆளாகவே மதிப்பதில்லை. ஒன்று பரிதாபப்பட்டு விட்டுவிடுகிறது, மற்றது சந்தேகப்பட்டு விட்டுவிடுகிறது. தமிழில் 'பாவம்' என்ற ஒரே வார்த்தையைத்தான் குற்றத்துக்கும் சொல்கிறோம், 'ஐயோ பாவம்' என்று இரக்கத்துக்கும் சொல்கிறோம். உங்களைப் பார்த்து ஐயோ பாவம் என்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 'நீயே அந்த மனுஷன்' என்று நாத்தான் தீர்க்கதரிசி பாவம் செய்த தாவீது ராஜாவிடம் நேராகச் சொன்னது போலச் சொல்வதற்கு, உங்களை மதிக்கிற ஒருவர் வேண்டும். ரோமர் 14:12 நாம் ஒவ்வொருவரும் தேவனுக்குக் கணக்கொப்புவிப்போம் என்கிறது. கணக்குக் கேட்பது பொறுப்பைப் பெற்றவனிடம்தான், நம்பாத ஆளிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

ஜெபித்தும் மனசு ஆறவில்லை என்றீர்களே, அதற்கு என் வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஊழியத்தின் ஆரம்ப வருடங்களில் ஒரு சபையில் அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் 600 ரூபாய் குறைந்தது. கோயிலைத் திறந்து பூட்டி, மணி அடித்துக்கொண்டிருந்த பெரியவர்மேல் சந்தேகம் வந்தது. யாரும் நேராகக் கேட்கவில்லை, ஆனால் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து என் பழைய டைரியின் உறைக்குள் அந்த நோட்டுகள் இருந்தன. நானே வைத்து மறந்திருக்கிறேன். மறந்தது பாவமில்லை. அடுத்து நான் செய்ததுதான் பாவம். முழங்கால்படியிட்டு அழுதேன், தேவனிடம் மன்னிப்புக் கேட்டேன், 600 ரூபாயை யாருக்கும் தெரியாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். கணக்கு நேராகிவிட்டது என்று என்னையே நம்பவைத்தேன். 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து' என்ற 51-ஆம் சங்கீதம் அப்போது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் சாகடித்த தாவீது, அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் பாவம் செய்தான் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து அந்தப் பெரியவரை அவர் வீட்டில் தேடிப்போய்ச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஐயா, அந்த மூணு மாசம் என் பொண்டாட்டி குழாயடிக்குத் தண்ணி புடிக்கப் போகல" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கையைப் பிடித்து ஜெபம் பண்ணச் சொன்னார், என்னால் முடியவில்லை, அவரே பண்ணினார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, காணிக்கைப் பெட்டியில் போட்ட பணம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று.

வேதம் இதை எப்போதோ சொல்லிவைத்திருக்கிறது. எண்ணாகமம் 5-இல் ஒருவனுக்குத் தீங்கு செய்தவன் அறிக்கையிடவும் வேண்டும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தீங்கடைந்தவனுக்குக் கொடுக்கவும் வேண்டும். மத்தேயு 5-இல் பலிபீடத்தின்முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. லூக்கா 19-இல் வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். இதில் வரிசையை மாற்றிப் படித்துவிடாதீர்கள். சகேயு ஒரு காசும் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே இயேசு அவன் வீட்டில் தங்க வருகிறேன் என்றார். பணம் கொடுத்து அவன் மன்னிப்பை வாங்கவில்லை. மன்னிப்பு வீட்டுக்குள் வந்ததும் அவனால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. நீங்கள் திருப்பிக் கொடுக்கும் 38,000 உங்கள் பாவத்துக்கு விலை ஆகாது, அந்த விலை சிலுவையில் கொடுத்தாயிற்று. அது சீட்டுக் கட்டிய பெண்களின் பணம். அவர்களிடம் போக வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், வேறு யார் வழியாகவும் அவர் கேள்விப்படக் கூடாது. சீட்டு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கு எந்த மாதம் எவ்வளவு போக வேண்டும் என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். சீட்டு எடுக்க வேண்டிய மாதம் நெருங்குகிறவருக்கு முதலில் கொடுங்கள், அவர் மகள் கல்யாணத்துக்கோ கட்டணத்துக்கோ அதை நம்பியிருப்பார். தெருவில் அம்மாவின் பெயர் கெடாதபடி, எடுத்தது நான்தான் என்று நீங்களே சொல்லுங்கள். சபையில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்வதை இப்போது செய்யாதீர்கள். கைதட்டல் கிடைத்தால் பாதி பாரம் இறங்கிவிடும், அது இறங்க வேண்டிய இடம் அது இல்லை. குடியை நிறுத்த ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து வரலாம், நான் மருத்துவன் இல்லை, ஆனால் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள். குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும், 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையிலும் நடக்கின்றன. தாங்கள் தீங்கு செய்தவர்களின் பட்டியலை எழுதி, நேரில் போய் ஈடுசெய்வது அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும். அப்படிச் செய்வது அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ தீங்காகும் என்றால் செய்ய வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது.

கடைசியாக நற்கருணை. 1 கொரிந்தியர் 11:28 தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது, சோதித்தறிந்து விலகி நிற்கச் சொல்லவில்லை. பணம் முழுக்கக் கொடுத்து முடித்த பிறகுதான் என்று சில ஆயர்கள் சொல்வார்கள். நீங்கள் கத்தோலிக்கர் என்றால் முதலில் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் சபை ஒழுங்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் சபையில் நீங்கள் இருந்திருந்தால், அம்மாவிடம் சொன்ன அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்களை வரச் சொல்லியிருப்பேன். முடிந்தால் அம்மாவும் பக்கத்தில் முழங்காலில் இருக்கட்டும்.